செய்திக்கு யார் விலை கொடுப்பது?

கோரிப்பாளையம் தர்காவுக்கு எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. மேம்பால வேலைக்குத் தோண்டிப் போட்ட புழுதி டீ கிளாஸ் வரைக்கும் வந்துவிடும். அங்கே வைத்துத்தான் எங்கள் தெருப் பையன் கேட்டான்.

“அண்ணே, பி.ஏ. முடியப்போகுது. அடுத்து ஜர்னலிசம் படிக்கலாம்னு இருக்கேன். வீட்ல வேணாங்கிறாக. நீங்க அதத்தான படிச்சீக, சொல்லுங்க.”

இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. ஆரம்பச் சம்பளம் எவ்வளவு, சென்னைக்குப் போகாமல் சமாளிக்க முடியுமா, டிவி நல்லதா பேப்பர் நல்லதா, ஆங்கிலம் எவ்வளவு வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுவேன். அன்றைக்கும் சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பாலத்தில் ஏறி வீட்டுக்கு நடக்கும்போதுதான், அவன் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்று தோன்றியது. ஒரு படிப்பைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அது தரும் சம்பளத்தைச் சொல்லிவிட்டு வருவது, கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவனிடம் மண்டப வாடகையைச் சொல்லிவிட்டு வருவது மாதிரி.

இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்ல விட்டுப்போன பதில்.

*

முதலில் சம்பளக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். இன்றைக்குச் செய்தி எழுதிப் பிழைப்பவர்கள் மூன்று பேர். ஒருத்தி செய்திச் சேனலில் திரைக்குக் கீழே ஓடும் ஸ்க்ரோல் எழுதுகிறாள். ஒருவன் யூடியூப் சேனலுக்குத் தம்ப்நெயில் வாசகம் யோசிக்கிறான், வாங்குகிற சம்பளமே அந்த நாலு வார்த்தைக்குத்தான் என்பான். ஒருவன் கட்சி ஒன்றின் ஐடி விங்குக்கு கன்டென்ட் கொடுக்கிறான். ஒருவன் கார்ப்பரேட் பிஆர், எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத்தான் சம்பளம் அதிகம். ஒருவன் சினிமாவில் உதவி இயக்குநர். ஒருத்தி ‘நெட்’ பாஸ் செய்துவிட்டு, எங்களுக்கு நடத்திய அதே பாடத்தை வேறொரு கல்லூரியில் நடத்துகிறாள். இன்னொருத்தி செய்தி மக்கள் தொடர்புத் துறையில் வேலைக்கு விளம்பரம் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மீதிப் பேர் வங்கி, துணிக்கடை, வெளிநாடு.

இதில் கேவலம் எதுவும் இல்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் முதல் இதழியல் துறை 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டு, 1942இல், சி.பா. ஆதித்தனார் இதே மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார். தமிழின் மாபெரும் நாளிதழ் ஒன்று பிறந்த ஊர் இது. அன்றைக்குப் பத்திரிகைக்காரர் யாரும் பட்டம் வாங்கிவிட்டு வரவில்லை, எழுதத் தெரிந்தவர்கள் வந்தார்கள். அதற்கும் முன்னால், 1904இல், சேதுபதி பள்ளியில் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் உதவி ஆசிரியரானார். மதுரையிலிருந்து இதழியலுக்குப் போனவர்களில் ஆகப் பெரிய பெயர் அவருடையதுதான். சுப்பிரமணிய பாரதி.

பாரதியிடமிருந்தே தொடங்குகிறேன். நான் கேட்க விரும்பும் கேள்வி அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1908இல் ‘இந்தியா’ பத்திரிகையின் எழுத்துகளுக்காக வெள்ளையர் அரசு நடவடிக்கை எடுத்தது. பத்திரிகையின் உயிர் பாரதி. ஆனால் சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன் என்பவர். பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். சீனிவாசன் சிறைக்குப் போனார்.

பாரதியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரும் விலை கொடுத்தார். பத்தாண்டு புதுச்சேரி வாசம், வறுமை, திரும்பி வந்தபோது கைது. அந்த விலைக்கு நாம் சிலை வைத்திருக்கிறோம், பாடம் வைத்திருக்கிறோம். சீனிவாசன் என்ன ஆனார் என்று என் இரண்டு வருடப் படிப்பில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதழியல் வரலாறு என்று நாங்கள் படித்தது விலை கொடுத்த பெரிய மனிதர்களின் வரலாறு. ராஜத்துரோக வழக்கில் கைதான ஜி. சுப்பிரமணிய ஐயர். 1987இல் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பிய ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன். இவர்களெல்லாம் தங்கள் பெயரில் வந்ததற்குத் தாங்களே நின்று பதில் சொன்னவர்கள். அந்த மரியாதை அவர்களுக்குச் சேர வேண்டியதுதான்.

ஆனால் பல சமயம் எழுதுகிறவர் ஒருவர், விலை கொடுக்கிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவரைப் பற்றி இந்தத் தொழிலுக்கு என்ன கடமை இருக்கிறது? இதுதான் என் கேள்வி.

*

2007ஆம் ஆண்டு மே 9. மதுரையில் அன்றைக்குப் பள்ளிப் பிள்ளையாக இருந்தவர்களுக்குக்கூட அந்தப் புகை நினைவிருக்கும்.

‘தினகரன்’ நாளிதழ் ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார்? மு.க. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், மு.க. அழகிரிக்கு 2 சதவீதம் என்றது அது. மதுரையில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. ஒரு கும்பல் பத்திரிகையின் மதுரை அலுவலகத்தைத் தாக்கியது, பெட்ரோல் குண்டு வீசியது. தீயிலும் புகையிலும் சிக்கி மூன்று பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து, மே 13 அன்று, தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகினார். வழக்கு சிபிஐக்குப் போனது. 2009 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் விடுவித்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தீர்ப்பை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சம்பவத்துக்கும் தண்டனைக்கும் நடுவே கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம்.

இதெல்லாம் வகுப்பில் சொன்னார்கள். பத்திரிகைச் சுதந்திரம் என்ற தலைப்பின் கீழ் ஒரு பத்தி. நானும் பரிட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். விடையில் நான் எழுதாத ஒன்று உண்டு. இறந்த மூன்று பேரில் ஒருவர்கூட நிருபர் இல்லை. இருவர் கணினிப் பொறியாளர்கள், ஒருவர் காவலாளி. அந்தக் கணிப்பில் ஒரு வரியும் அவர்கள் எழுதவில்லை. எந்த எண்ணைப் போடலாம், எதைப் போட வேண்டாம் என்று யாரும் அவர்களைக் கேட்டிருக்கப் போவதில்லை. அந்தச் சதவீதங்களால் லாபம் அடைய இருந்தவர்களும், நஷ்டம் அடைய இருந்தவர்களும் எரிந்த கட்டடத்துக்குள் இல்லை.

கொன்றவர்கள் கொலைகாரர்கள். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. “கணிப்பு போட்டதால்தானே இப்படி ஆச்சு” என்று சொல்கிறவன் வெடிகுண்டு வைத்திருப்பவன் கையில் ஆசிரியர் நாற்காலியைக் கொடுக்கிறான். ஒரு ரவுடிக் கும்பல் கோபப்படும் என்பதற்காக ஒரு எண்ணை வெளியிடாமல் விட்டால், அடுத்த வாரம் இன்னொரு எண்ணை விட வேண்டியிருக்கும், அப்புறம் பத்திரிகையில் ராசிபலன்தான் மிஞ்சும்.

இது இவ்வளவு தெளிவாக இருந்தும் மனம் ஆறுவதில்லை. ஏதோ ஒன்று பாக்கி நிற்கிறது. அது குற்றம் இல்லை. பிறகு என்ன?

*

1976இல் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு லாரி டிரைவர் வருகிறார். ஒழுங்காகத்தான் ஓட்டினார், அவர் மேல் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தை வண்டியில் அடிபட்டுவிட்டது. சுற்றி நிற்கிறவர்கள் “உங்க மேல தப்பில்லைங்க” என்று தேற்றுவார்கள், தேற்றுவதும் சரிதான். ஆனால் அந்த டிரைவர், “ஆமா, என் மேல தப்பில்ல” என்று உடனே ஒப்புக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டால் நமக்கு என்ன தோன்றும்? அந்த மனிதரிடம் ஏதோ கோளாறு என்று தோன்றும். வேடிக்கை பார்த்தவனின் வருத்தம் வேறு, செய்தவனின் வருத்தம் வேறு என்கிறார் வில்லியம்ஸ். தவறே செய்யாதபோதும் செய்தவனுக்கு அந்த இரண்டாவது வருத்தம் உண்டு, இருக்கவும் வேண்டும்.

இந்த ஊர்க்காரனுக்கு இதைச் சொல்ல லாரி டிரைவரும் தேவையில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் போதும். ஒரு பொற்கொல்லனின் ஒற்றை வார்த்தையை நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னவன். பத்திரிகைப் பாஷையில் சொன்னால் ஒரே ஒரு சோர்ஸ், மறுதரப்பின் விளக்கம் வாங்கவில்லை. பாண்டியன் லாரி டிரைவர் மாதிரிக் குற்றமற்றவன் இல்லை. அவனிடம் தவறு இருந்தது. ஆனால் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது “எனக்குத் தப்பான தகவல் கொடுத்துட்டாங்க” என்று அவன் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே உயிரை விட்டான். இளங்கோவடிகள் அவனை மன்னிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தவனிடம் மிஞ்சும் இந்தப் பாக்கிக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. கடன். செய்ய வேண்டிய கடமையும் கடன்தான், வாங்கித் திருப்பித் தராததும் கடன்தான். குற்றம் என்றால் தண்டனையோடு தீர்ந்துவிடும். கடன் அப்படித் தீராது, யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவருக்குக் கொடுத்தால்தான் தீரும். 2007இல் குற்றம் பெட்ரோல் குண்டு வீசியவர்களுடையது. கடன், அந்தப் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதிய, எழுதப் போகிற நம் எல்லோருடையதும் என்று எனக்குத் தோன்றுகிறது. குறைந்தபட்சம், அந்த மூவர் யார் என்று தெரிந்துகொள்ளும் கடன்.

*

இன்னொரு கதை. இங்கிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். உசிலம்பட்டி.

1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ ஆங்கில இதழ் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி வேண்டியதாகத்தான் இருந்தது. கொலை நடந்துகொண்டிருந்தது, பேச ஆளில்லாமல் இருந்தது. பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்தன, ஆய்வாளர்கள் வந்தார்கள். 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் கட்டுரையும் அதைத் தொடர்ந்த எழுத்துகளும் இல்லாவிட்டால் இதெல்லாம் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது. அன்றைக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு இன்றைக்குப் பிள்ளைகள்கூட இருக்கலாம். அந்த எழுத்து செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது.

விலையையும் சேர்த்துப் பார்க்கலாம். கல்லூரியில் என்னோடு படித்த உசிலம்பட்டிப் பெண் ஒருத்தி, சென்னையில் யாராவது ஊர் கேட்டால் “மதுரைப் பக்கம்” என்றுதான் சொல்லுவாள். ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிராளியின் முகம் ஒரு நொடி மாறுமாம். “நீ எப்படித் தப்பிச்ச?” என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்களும் உண்டாம். அவள் பிறப்பதற்கு முன்னால் வந்த ஒரு அட்டைப்படத்துக்கு அவள் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. கள்ளிப்பாலும் நெல்மணியும் ஏந்திய ஏழைத் தாயின் கை நன்றாகப் படம் பிடிக்கக்கூடிய விஷயம். அதே காலத்தில் நகரங்களில் ஸ்கேன் மிஷின் பெருகியது. கருவிலேயே பாலினம் பார்த்துக் கலைப்பது படித்தவர், வசதியானவர் வீடுகளில் நடந்தது. அதைத் தடுக்கச் சட்டமே 1994இல்தான் வந்தது. அந்தக் கையுறை போட்ட கைக்கு ஊர்ப் பெயர் ஒட்டவில்லை. ‘உசிலம்பட்டி’ என்றால் சிசுக்கொலை என்று ஆன மாதிரி எந்த ஸ்கேன் சென்டர் தெருவும் ஆகவில்லை. ஏழைக்கு ஊரும் முகமும் உண்டு, வசதியானவருக்கு ‘ஒரு தனியார் மையம்’. நாங்களும் இப்படித்தான் எழுதப் பழகினோம். யார் வழக்குப் போட மாட்டார்களோ அவர்கள் பெயர் முழுசாக வரும்.

ஊடகச் சட்டம் என்று ஒரு தாள் உண்டு எங்களுக்கு. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, சட்டமன்ற உரிமை மீறல், அலுவல் ரகசியச் சட்டம். வரிசையாகப் பாருங்கள். எல்லாமே நம்மைவிடப் பலசாலிகளிடமிருந்து நாம் எப்படித் தப்பிப்பது என்ற பாடம். நம்மைவிட எளியவர்கள் நம்மிடமிருந்து எப்படித் தப்பிப்பார்கள் என்று ஒரு தாள் இல்லை.

*

இவ்வளவு தூரம் ஊர்க் கதை பேசியாயிற்று. என் கதைக்கு வர வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பத்திரிகையில் பயிற்சி நிருபராக இருந்தேன். ஒரு பெரிய அலுவலகத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் பத்துப் பேர். கையுறை கிடையாது, ஆசிட் ஊற்றிக் கழுவி விரல் தோல் உரிந்திருக்கும். ஒரு நாள் லீவு போட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். அவர்களில் ஒரு அக்கா மட்டும் என்னிடம் பேசினார். இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரோடு உட்கார்ந்து கேட்டேன். அவருடைய தூக்குவாளியிலிருந்து எனக்கும் கொஞ்சம் புளிச்சோறு.

எழுதினேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே பெயரை மாற்றினேன். ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று நட்சத்திரக் குறி போட்டேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த இன்னொன்றையும் செய்தேன். நுணுக்கமான விவரம்தான் எழுத்துக்கு உயிர் என்பார்கள் இல்லையா? அக்காவின் இடது கையில் இரண்டு விரல் மடங்காது, பழைய காயம். ‘மடங்காத அந்த இரண்டு விரல்களோடு அவர் துடைப்பத்தைப் பிடிக்கும்போது’ என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு டெஸ்க்கில் மூத்தவர் ஒருவர் தோளில் தட்டினார்.

கட்டுரை நன்றாகப் போனது. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் கையுறை வந்தது. லீவுக்குச் சம்பளம் பிடிப்பதும் நின்றது. நான் அதை நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். அடுத்த வருடம் வேலைக்கான நேர்காணலில் அந்தக் கட்டுரையைத்தான் காட்டினேன். அந்த இரண்டு விரல் வரியைத்தான் அவர்களும் பாராட்டினார்கள். வேலை கிடைத்தது.

கொஞ்ச நாள் கழித்து, கோரிப்பாளையத்தில் ஒரு புரோட்டாக் கடையில் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் கை கழுவப் போனேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பேப்பர்க்காரத் தம்பிதான?”

“ஆமாக்கா. நீங்க எப்படி இங்க? அங்க போகலையா?”

“அங்கிட்டு எங்க. நீ எழுதுனேல்ல, அதுக்கு மறுவாரமே நிப்பாட்டிட்டாக. ரெண்டு வெரலு மடங்காதது இங்க யாருக்குன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்னு சூப்பர்வைசர் கேட்டாரு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பேசினார். “கிளவுசு குடுத்துட்டாகளாம்ல. மத்த புள்ளைக சொல்லுச்சுக. நல்லாருக்கட்டும். ஒனக்கு வேலை கெடச்சுருச்சா?”

கிடைத்துவிட்டது என்றேன். அப்புறம் இன்றைக்கு வரைக்கும் நினைத்தால் கூசுகிற ஒரு கேள்வியைக் கேட்டேன். “எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லக்கா?”

“ஒன் நம்பரு எங்கிட்ட ஏதுப்பா? நீதான எங்கிட்ட நம்பர் வாங்கிட்டுப் போன.”

கோபமே இல்லாமல் சொன்னார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். “போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுருக்கலாம். நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். வெரல மட்டும் எடுத்துருன்னுருப்பேன்.”

*

கையுறை வந்தது, அக்கா போனார். ஒன்பது பேருக்கு நன்மை, ஒருவருக்கு நஷ்டம். கணக்குப் போட்டால் லாபம்தான். இந்தக் கணக்கை நான் பல ராத்திரி போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் விடை சரியாகவே வருகிறது, ஒவ்வொரு தடவையும் தூக்கம் வருவதில்லை. கணக்கில் என்ன பிழை என்று வெகுநாள் புரியவில்லை.

லாபத்தில் பங்கு வாங்கியவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது, அதுதான் விட்டுப்போயிருந்தது. பாராட்டு எனக்கு, வேலை எனக்கு. நஷ்டம் முழுக்க அவருக்கு. ஒருவர் சம்மதத்தோடு ஊருக்காகத் தன் வேலையைப் பணயம் வைத்தால் அது தியாகம். நான் அவர் வேலையைப் பணயம் வைத்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இந்த வித்தியாசம் எண்ணிக்கையில் தெரியாது.

இங்கே நியாயமாக ஒரு எதிர்க்கேள்வி வரும். எல்லோரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த ஊழலை எழுத முடியும்? அமைச்சரிடம் “உங்களைப் பற்றி எழுதட்டுமா, எந்த வரியை எடுக்கட்டும்?” என்று கேட்க முடியுமா? முடியாது, கேட்கவும் கூடாது. அதிகாரத்தில் இருப்பவரிடம் அவர் தரப்பு விளக்கம் கேட்கலாம், அனுமதி கேட்கக் கூடாது. எளியவரிடம் விளக்கம் கேட்டு நச்சரிக்கக் கூடாது, அனுமதி கேட்டே ஆக வேண்டும். நடைமுறையில் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பக்கூடியவர் சம்பந்தப்பட்ட வரியை மூன்று பேர் பார்ப்பார்கள். பாத்திரம் விளக்குகிறவர் சம்பந்தப்பட்ட வரியை நடைக்காக மட்டும் பார்ப்போம்.

இன்னொரு எதிர்க்கேள்வி, கொஞ்சம் கடினமானது. அக்காவிடம் கேட்டிருந்தால் சரி. தீயில் சிக்கிய காவலாளியிடம் யார் கேட்டிருக்க முடியும்? உசிலம்பட்டியில் இனிமேல் பிறக்கப்போகும் பெண்ணிடம் யார் கேட்டிருக்க முடியும்? முடியாதுதான். எல்லா விலையையும் முன்கூட்டியே பார்க்க முடியாது. ஆனால் முன்னால் கேட்க முடியாத இடத்தில் பின்னால் போய்ப் பார்க்க முடியும். என்ன ஆயிற்று, யாருக்கு ஆயிற்று, நான் ஏதாவது செய்ய முடியுமா என்று திரும்பிப் போகலாம். கட்டுரை வந்த மறுவாரம் நான் ஒரு தடவை அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தால் போதும். அக்கா இல்லை என்று தெரிந்திருக்கும். அதைப் பற்றியும் எழுதியிருக்கலாம், ஒரு தொழிற்சங்கக்காரரிடம் கூட்டிப் போயிருக்கலாம், ஒன்றும் முடியாவிட்டாலும் எதிரில் நின்றிருக்கலாம். கையுறை வந்த செய்தியைப் போனில் கேட்டு மகிழ்ந்ததோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

வள்ளுவரின் வாய்மை அதிகாரத்தைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். உண்மை என்றால் என்ன என்று விளக்க வந்தவர், உள்ளதை உள்ளபடி சொல்வது என்று தொடங்கவில்லை. பிறருக்குத் தீங்கு இல்லாத சொல்லைச் சொல்வது என்று தொடங்குகிறார். படிக்கும் காலத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. பொய் சொல்ல லைசென்ஸ் கொடுக்கிற மாதிரி இருந்தது. செய்தியாளனுக்கு இது ஒத்துவராது, நம் உண்மை சிலருக்குத் தீங்கு செய்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அதில் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மறுபாதி மாறிவிட்டது. அந்த இரண்டு விரல் உண்மைதான். தகவல் பிழை எதுவும் இல்லை. அந்த வரியை எடுத்திருந்தாலும் கட்டுரையின் உண்மை ஒரு துளி குறைந்திருக்காது, என் அழகுதான் குறைந்திருக்கும். சொல்லியே ஆக வேண்டிய உண்மை ஒரு வகை, சொல்ல ஆசையாக இருக்கும் உண்மை இன்னொரு வகை. வள்ளுவர் இரண்டாவதைப் பற்றித்தான் எச்சரிக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

*

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி. செய்தியின் ஆறு கேள்விகள். முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஏழாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது வெளிவந்தால் யாருக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்வி செய்தியை நிறுத்துவதற்கு இல்லை. பெரும்பாலும் ஒரு வரியை மட்டும்தான் அது நிறுத்தும். அந்த ஒரு வரியில் ஒருவருடைய அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம்.

ஐடி விங் நண்பனிடம் இதைச் சொன்னேன். “நீ ரொம்ப யோசிக்கிற. எங்க வேலையில எவனுக்கு என்ன ஆகணுமோ அதுக்குத்தான் எழுதுறோம்” என்று சிரித்தான். அவனாவது தெரிந்து செய்கிறான், நான் தெரியாமல் செய்தேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். எது மோசம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்தக் கட்டுரையை வெளியிடுவதற்கு முன்னால் புரோட்டாக் கடைக்குப் போனேன். வியாபாரம் தொடங்காத நேரம். அக்காவுக்கு அவரைப் பற்றிய பகுதியை முழுசாகப் படித்துக் காட்டினேன். விரலைப் பற்றி மறுபடி எழுதியிருக்கிறேன், எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “இங்க எல்லாத்துக்கும் தெரிஞ்ச வெரலுதான். இருக்கட்டும். கடை பேர மட்டும் போட்றாத.”

போடவில்லை.

தெருப் பையனை நேற்று மறுபடி அதே டீக்கடையில் பார்த்தேன். விண்ணப்பம் போட்டுவிட்டானாம். நல்லது, படி என்றேன். யாரிடமாவது பேசிவிட்டு அவர்கள் நம்பரைக் குறித்துக்கொள்ளும்போது, உன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்றேன்.

“இம்புட்டுத்தானாண்ணே?” என்றான்.

அவர்கள் கூப்பிட்டால் எடுக்கவும் வேண்டும் என்றேன்.